கொல்லையில் ஆறு வாத்து

சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் ஊர் வயல்களில் வாத்துப் பட்டி இறங்கும். ஆயிரம், இரண்டாயிரம் என்று வரும் வாத்துகள், அரிதாள்களுக்கு நடுவே சிந்திக் கிடக்கும் நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் பொறுக்கித் தின்றுகொண்டே ஊர் ஊராக நகரும். இரவில் வரப்போரம் வலை கட்டி அடைப்பார்கள். விடிகாலையில் முட்டை பொறுக்குவார்கள். அப்படி வந்த ஒரு பட்டியில்தான் நான் முதலில் வாத்து கேட்டேன். வீட்டுக்கு ஆறு குஞ்சு போதும் என்றேன். வாத்துக்காரப் பெரியவர் விலையைச் சொல்லவில்லை.

"கொல்லையில தண்ணி இருக்கா தம்பி?"

"மோட்டார் இருக்குங்க. குழாயத் தொறந்தா வந்துரும்."

"வர்றதக் கேக்கல. போறது எங்க போவும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு, ஒரு மாத வயதுக் குஞ்சுகளாக ஆறைப் பிடித்துக் கோழிக்கூடையில் போட்டுக் கொடுத்தார். அந்தக் கேள்வியின் அர்த்தம் பதினைந்து நாளில் புரிந்தது. அதற்குள் கொல்லையின் கால்வாசி சேறாகியிருந்தது.

இப்போது யாராவது வாத்து வளர்க்கலாமா என்று கேட்டால் நானும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். இனம், தீவனம், நோய் எல்லாம் பிறகு. வாத்து கோழியைவிட உறுதியான பறவை. மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. ராணிக்கெட் வந்து ஊர்க்கோழிகள் வரிசையாகச் சாயும்போது வாத்து பெரும்பாலும் பிழைத்து நிற்கும். நடுவில் வாத்தை விற்றுவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். செத்துப் போனது என்பவர் குறைவு. கொல்லை நாறுகிறது, பக்கத்து வீட்டில் சண்டை என்பவர்களே அதிகம்.

காரணம் எளிது. வாத்து தண்ணீரைக் குடிப்பதோடு நிறுத்தாது. ஒரு வாய் தீவனம், உடனே தண்ணீர்ப் பாத்திரத்துக்கு ஓட்டம், அலகை முக்கி அலசல், மறுபடி தீவனம் என்று நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கும். போகிற வழியெல்லாம் தண்ணீர் சொட்டும். எச்சமும் கோழி எச்சம்போல் கெட்டியாக இராது. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். ஈர மண்ணைக் கண்டுவிட்டால் அலகால் குத்திக் குத்திப் பள்ளமாக்கிவிடும். கோழி சீய்க்கும், வாத்து துளைக்கும். ஆறு வாத்து ஒரே இடத்தில் ஒரு மாதம் இதைச் செய்தால் அங்கே ஒரு சின்னக் குட்டை தயார்.

ஆகவே வாத்து வாங்குவதற்கு முன் ஒரு குடம் தண்ணீரைக் கொல்லையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். மேட்டுப் பக்கம் குளிக்கும் தொட்டி. பள்ளத்துப் பக்கம் வாழையோ தென்னையோ. படுக்கும் கொட்டில் இந்த ஓட்டத்தின் வழியில் இருக்கவே கூடாது. நான் மாட்டுக்கு வைக்கும் சிமெண்ட் தொட்டி ஒன்றை வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிய மரக்கட்டையால் அடைத்து வைத்திருக்கிறேன். தினமும் மாலை கட்டையைப் பிடுங்கினால் பச்சை நிறத் தண்ணீர் சிறு வாய்க்கால் வழியாக வாழைக் கட்டைக்குப் போய்விடும். அதற்குத் தனியாக உரம் வைப்பதில்லை. தொட்டியைத் தினம் காலி செய்தால் கொசுப் புழுவுக்கும் இடமில்லை. வாத்து இருக்கிறதே, புழுவைத் தின்றுவிடும் என்று நாள்கணக்கில் தண்ணீரை விட்டு வைக்காதீர்கள். வாத்து கலக்கிய தண்ணீர் இரண்டு நாளில் அழுகும். அழுகிய சேற்றில் ஒரு பாக்டீரியா வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். அதைத் தின்ற வாத்துக்குக் கழுத்து துவண்டு விழும். பொட்டுலிசம் என்பது அதுதான்.

குளம் வேண்டாமா என்று எல்லாரும் கேட்பார்கள். உயிர் வாழவும் முட்டை இடவும் குளம் தேவையில்லை. ஆனால் தலை முழுகும் அளவு தண்ணீர் கட்டாயம் வேண்டும். வாத்து தண்ணீருக்குள் தலையை விட்டுத்தான் கண்ணையும் மூக்குத் துவாரத்தையும் கழுவிக்கொள்கிறது. கோழிக்கு வைக்கும் ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்தால் கண்ணோரம் பீளை கட்டும், மூக்கு அடைத்துக்கொள்ளும். வளர்ந்த வாத்துக்கு ஐந்தாறு அங்குல ஆழமாவது வேண்டும். வாய் அகன்ற பிளாஸ்டிக் வாளியைப் பாதியாக அறுத்து வைத்தாலே போதும். உடம்பு நனையக் குளிக்க ஓரடி ஆழத் தொட்டி இருந்தால் இறகு பளபளவென்று இருக்கும். தொட்டிக்குள்ளும் வெளியிலும் இரண்டு செங்கல் படிபோல் வையுங்கள். ஏறத் தெரியும், இறங்கத் தெரியும், ஆனால் வழுக்கும் சுவரில் வாத்துக்குப் பிடிமானம் கிடையாது.

குஞ்சு விஷயத்தில் இது தலைகீழ். தாயோடு திரியும் குஞ்சு இரண்டாம் நாளே நீந்துகிறதே என்று, கடையில் வாங்கிய குஞ்சைத் தொட்டியில் விடுவார்கள். அரை மணி நேரத்தில் நனைந்த துணிபோல் கிடக்கும். வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெய் எடுத்துத் தடவிக்கொள்வதால்தான் வாத்தின் இறகில் நீர் ஒட்டுவதில்லை. குஞ்சுக்கு அந்தச் சுரப்பி இன்னும் தேறியிருக்காது. தாயோடு இருக்கும் குஞ்சு தாயின் வயிற்றடியில் ஒண்டி அந்த எண்ணெயைப் பூசிக்கொள்கிறது, குளிர்ந்தால் உடனே அதன் அடியில் போய்ச் சூடேறிக்கொள்கிறது. இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கு இரண்டும் இல்லை. ஆகவே முதல் சில வாரங்களுக்கு அலகும் மூக்கும் முழுகும் அளவு, இரண்டு அங்குலம் மூன்று அங்குலம்தான் தண்ணீர். பாத்திரத்துக்குள் கூழாங்கல் போட்டு வைத்தால் குஞ்சு உள்ளே இறங்கி உட்காராது. ஐந்தாறு வாரத்தில் நெஞ்சிலும் வயிற்றிலும் இறகு முளைத்த பிறகு தொட்டிக்கு விடலாம்.

முதல் வாரம் குஞ்சுக்கு 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். நம் ஊர் சித்திரை வைகாசியில் பகலில் விளக்கே தேவைப்படாது, விடிகாலைக்கு மட்டும் ஒரு குண்டு பல்பு போதும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சைப் பார்ப்பது நல்லது. விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்கிறது. மூலையில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துக் கிடந்தால் விட்டுவிடுங்கள். கீழே செய்தித்தாள் விரிக்காதீர்கள். வழுக்கும் தரையில் கால் அகன்று போன குஞ்சு பிறகு தேறுவது கடினம். சாக்கு விரித்து மேலே உமியோ மரத்தூளோ போடலாம். முதல் இரண்டு மூன்று நாள் சாக்கு மட்டும் போதும், இல்லையென்றால் தூளைத் தீவனம் என்று தின்னும்.

எந்த வாத்து வாங்குவது? வீட்டுக்கு நான்கு வகை நினைவில் வைத்தால் போதும்.

முட்டைக்கென்றால் காக்கி கேம்பல். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் ஊலி என்ற கிராமத்தில் அடீல் கேம்பல் என்ற பெண்மணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கியது. நன்றாக முட்டையிட்ட தன் ரன்னர் வாத்தைச் சதைப்பற்றுள்ள ருவான் வாத்தோடு சேர்த்து, பிறகு காட்டு வாத்தையும் கலந்தார். நிறம் அன்றைய பட்டாளத்துச் சீருடை போல இருந்ததால் காக்கி. நல்ல தீவனத்தில் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும், கோழிப் பண்ணை முட்டைக் கோழிக்கு இணை. வீட்டில் குருணையும் கீரையும் போட்டு வளர்த்துவிட்டு 300 எதிர்பார்க்கக் கூடாது. இந்தியன் ரன்னர், பெயரில்தான் இந்தியன். இந்தோனேசியத் தீவுகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. கழுத்து விறைத்து, நிமிர்ந்து, யாரோ துரத்துவதுபோலவே ஓடும். இதுவும் முட்டை இனம்தான். கறிக்கு வெள்ளைப் பெக்கின். சீனத்தில் தோன்றி 1873இல் அமெரிக்காவுக்குப் போய் உலகம் முழுக்கப் பரவியது. ஏழெட்டு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். நாட்டு வாத்து நம்மிடமே உண்டு. ஆரணி வாத்து வடமாவட்டங்களில் பட்டிக்காரர்கள் கைமாறி வளர்ப்பது. குட்டநாட்டில் சாரா, செம்பல்லி என்று இரண்டு. இவை முட்டையில் காக்கி கேம்பலுக்குப் பின்னால்தான், ஆனால் மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்வதில் கெட்டிக்காரர்கள். நான் வாங்கியது இந்த நாட்டு வகை.

இவற்றோடு மஸ்கோவியைச் சேர்த்து எண்ணக் கூடாது. நம்மூரில் மணிலா வாத்து என்பார்கள். முகத்தில் சிவப்பாகச் சதை தொங்கும். மற்ற வீட்டு வாத்துகள் எல்லாம் மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் வழி வந்தவை. மஸ்கோவி தென்னமெரிக்கப் பக்கத்து வேறொரு இனம். இரண்டையும் கலந்தால் வரும் குஞ்சு மலடு. மஸ்கோவி கத்தாது, பாம்புபோல் சீறும். அவ்வளவுதான் அதன் பேச்சு. சுவரொட்டிய வீடுகள் உள்ள தெருவில் வளர்க்க இதுவே உகந்தது. ஆனால் பறக்கும். ஓட்டுக்கூரையில் உட்கார்ந்திருக்கும் வாத்தைப் பார்க்க விருந்தாளிகள் வருவார்கள்.

சத்தம் என்றதும் ஆண் பெண் கண்டுபிடிக்கும் வழி நினைவுக்கு வருகிறது. ஊரைக் கூட்டும் "குவா குவா" பெட்டையின் குரல். ஆண் வாத்துக்குத் தொண்டை கட்டினாற்போல் கரகரப்புதான் வரும். எட்டு வாரம் ஆன வாத்தைக் கையில் தூக்கினால் தெரிந்துவிடும். வளர்ந்த ஆணின் வாலில் ஒன்றிரண்டு இறகு மேலே சுருண்டிருக்கும். எங்கள் ஆறில் ஒன்று ஆண். முட்டைக்கு ஆண் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்க நினைத்தால்தான் வேண்டும். ஐந்தாறு பெட்டைக்கு ஒன்று போதும். இரண்டு பெட்டைக்கு இரண்டு ஆண் என்று வைத்துவிட்டால் பெட்டையின் பிடரியில் இறகே இராது, சில நேரம் புண்ணாகிவிடும். கோழிகளோடு ஒன்றாக அடைத்திருந்தால் ஆண் வாத்து கோழிமேலும் ஏறும். வாத்தின் உறுப்பு சேவலுக்கு இல்லாத வகையில் நீளமானது, கோழிக்கு உள்காயம் ஏற்படும். இரண்டையும் தனித்தனியாக அடையுங்கள். தண்ணீர்ப் பழக்கமும் ஒத்து வராது, வாத்து நனைத்த படுக்கையில் கோழிக்குச் சளி பிடிக்கும்.

ஒற்றை வாத்து வளர்க்க வேண்டாம். குறைந்தது மூன்று. கூட்டம் இல்லாத வாத்து நாள் முழுக்கக் கத்தித் தேடும். கூட்டத்தில் அதற்கு என்ன லாபம் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. வாத்து ஒரு கண்ணைத் திறந்துகொண்டே, மூளையின் பாதியை மட்டும் தூங்க வைத்துத் தூங்கும். அமெரிக்காவில் மல்லார்ட் வாத்துகளை வரிசையாகத் தூங்க விட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 1999இல் வெளிவந்தது. வரிசையின் ஓரத்தில் படுத்தவை வெளிப்பக்கத்துக் கண்ணைத் திறந்து வைத்தன. நடுவில் படுத்தவை நிம்மதியாக இரண்டையும் மூடின. நாம் திட்டும்போது வாத்துமடையன் என்கிறோம். ராத்திரிக் காவலை முறைபோட்டுப் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு பிறவியை.

கண்ணைத் திறந்து தூங்கினாலும் தப்பிக்க அதனிடம் ஆயுதம் இல்லை. கோழி மரத்தில் ஏறும். வாத்து ஏறாது. தெருநாய், கீரி, மரநாய், குஞ்சென்றால் காகமும் பருந்தும் பூனையும் வரும். எங்கள் ஆறு ஐந்தானது முதல் மாதத்தில். படலில் ஒரு சாண் இடைவெளி இருந்தது, நாய்க்கு அது போதும். அந்தி சாய்ந்ததும் அடைப்பதை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். கொட்டில் பெரிதாக வேண்டாம். ஒரு வாத்துக்கு மூன்று நான்கு சதுர அடி, ஆள் குனிந்து கூட்டும் உயரம், மேலே கூரை, நாலு பக்கமும் காற்று போகக் கம்பி வலை. அந்த வலை உறுதியானதாக இருக்கட்டும், கோழிவலையை நாய் கடித்தே பிய்க்கும். மேலும், வாத்து குளிருக்கு அஞ்சாது, புழுக்கத்துக்கு அஞ்சும். தரை மண்ணாகவோ வழவழப்பான சிமெண்டாகவோ இருந்து மேலே உமி, வைக்கோல், தென்னைநார்க் கழிவு ஏதாவது நாலு விரல் கனம். சொரசொரப்பான காரைத் தரையில் பாதம் கிழிந்து கட்டியாக வீங்கும். ஈரமான இடத்தைத் தினம் வாரி, காய்ந்ததைத் தூவுங்கள். பூஞ்சை பிடித்த வைக்கோல் நுரையீரலில் நோய் உண்டாக்கும். இருட்டில் ஏதாவது ஓசை கேட்டால் வாத்துகள் மொத்தமாகக் கிளம்பிச் சுவரில் மோதும். மங்கலான ஒரு விளக்கு அதைத் தடுக்கும்.

பிடிக்கும்போது காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கோழிப் பழக்கத்தில் எல்லாரும் செய்வது இதுதான். வாத்தின் கால் நீந்தப் படைத்தது, உடம்பின் பாரத்தில் மூட்டு விலகிவிடும். சிறகுகளை உடம்போடு சேர்த்து அணைத்து, அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்குங்கள்.

இனி தீவனம். வளர்ந்த வாத்து ஒரு நாளைக்கு 120 முதல் 150 கிராம் வரை தின்னும். மேய இடமிருந்தால் அதில் ஒரு பங்கு குறையும். தவிடு, குருணை, கருக்காய் நெல், உடைத்த சோளம், கருவாட்டுத் தூள், புண்ணாக்கு என்று வீட்டிலேயே கலக்கலாம். மாவாக இருப்பதை உலர்வாக வைக்காதீர்கள். தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். புட்டு மாவுப் பதத்துக்குப் பிசைந்து, அரை மணியில் தின்று முடிக்கிற அளவு வையுங்கள். மிச்சம் புளிக்கும். தண்ணீர் இல்லாமல் தீவனம் கொடுக்கவே கூடாது. அதற்காகத் தீவனத் தட்டின்மேலேயே தண்ணீரை வைத்தால் இரண்டும் கூழாகும். இரண்டு மூன்று எட்டு தள்ளி வையுங்கள். அகத்தி, முருங்கை, அசோலா, தொட்டியில் வளரும் பாசி எல்லாம் ஆவலாகத் தின்னும். மழைக்காலத்தில் நத்தை போதும், அன்றைக்குத் தட்டு அப்படியே இருக்கும். முட்டையிடும் காலத்தில் கிளிஞ்சல் தூள் ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்தால் வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

குஞ்சுக்குக் கோழிக்குஞ்சுத் தீவனம் வாங்குகிறவர்கள் மருந்து கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். அதில் இன்னொரு குறையும் உண்டு. நயாசின் என்ற பி வைட்டமின் வாத்துக் குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிடக் கூடுதலாக வேண்டும். போதாவிட்டால் கால் வளைந்து, கணுக்கால் வீங்கி, நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். கால்சியம் குறை என்று சுண்ணாம்புச் சத்து ஊற்றிக்கொண்டிருப்பார்கள், பலன் இராது. கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் பி-காம்ப்ளக்ஸ் மருந்து, ஈஸ்ட், மீன் ஆகியவை இதற்கு உதவும். ஆரம்பத்திலேயே பார்த்தால் சில நாளில் எழுந்து நடக்கும்.

புண்ணாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டு வாத்தைச் சத்தமில்லாமல் கொல்வது அதுதான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்தன. காரணம் புரியாததால் வான்கோழி எக்ஸ் நோய் என்று பெயர் வைத்தார்கள். வாத்துக் குஞ்சுகளும் சேர்ந்தே செத்தன. தேடிப் பார்த்தபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்து ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. அஃப்ளடாக்சின் என்ற சொல்லே அந்தப் பூஞ்சையின் பெயரைச் சுருக்கி வந்தது. கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. பண்ணைப் பறவைகளில் இதற்கு மிக எளிதில் பலியாவது வாத்து. எவ்வளவு எளிதில் என்றால், தீவனத்தில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகங்கள் பிறந்த வாத்துக் குஞ்சுக்குக் கொடுத்துச் சோதித்த காலம் உண்டு. கோழி தின்று தப்பித்த மூட்டையைத் தின்று வாத்து சாகலாம்.

நம் ஊரில் கடலைப் புண்ணாக்கும் சோளமும் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் எவ்வளவு சுலபமாகப் பூசணம் பிடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். வெயிலில் காய வைத்தாலும் வேக வைத்தாலும் பூஞ்சைதான் சாகும், நஞ்சு போகாது. தட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்ற சிக்கனம் வேண்டாம். நான் மழைக்காலத்தில் கடலைப் புண்ணாக்கை நிறுத்திவிட்டு எள்ளுப் புண்ணாக்கும் கருவாடும் கொடுக்கிறேன், அதுவும் பத்து நாளுக்கு மேல் தேக்குவதில்லை. நாள்பட்ட மூட்டையை மாடு தின்னட்டும் என்று தள்ளிவிடவும் கூடாது, அது பாலில் இறங்கும். குப்பைக்குழிதான் இடம்.

முட்டைக்கு வருவோம். நான்கரை முதல் ஆறு மாதத்துக்குள் இடத் தொடங்கும். கோழி பகல் முழுக்க எந்த நேரமும் இடும். வாத்து அப்படியில்லை. அநேகமாக எல்லா முட்டையும் விடிகாலையிலிருந்து காலை 9 மணிக்குள் வந்துவிடும். ஆகவே ஒன்பது மணி வரை கொட்டிலைத் திறக்காதீர்கள். இது தெரியாமல் ஆறு மணிக்கே திறந்துவிட்டு, வாத்து முட்டையே வைப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டவன் நான். முட்டைகள் கொல்லைக் கோடியில் கிடந்த விறகு அடுக்குக்கு அடியில் இருந்தன, தொட்டிக்குள் இரண்டு கிடந்தன. மூன்று பெட்டைக்கு ஒன்று என்று ஓரடி அகலப் பலகைப் பெட்டியைத் தரையோடு வைத்து, உள்ளே வைக்கோல் போடுங்கள்.

வாத்து முட்டை 65 முதல் 75 கிராம் இருக்கும், மஞ்சள் கரு பெரிது, ஓடு கெட்டி. எச்சத்தில் புரண்டு அழுக்காகக் கிடப்பதால் கிருமி உள்ளே போக வாய்ப்பு உண்டு. குளிர்ந்த நீரில் ஊற வைத்துக் கழுவினால் அழுக்கை ஓட்டின் துளை வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். காய்ந்த துணியால் துடைத்து வைத்து, சமைக்கும் முன் கழுவுங்கள். அரைவேக்காடு வேண்டாம். கரு கெட்டியாகும் வரை வேகட்டும். கவிச்சி அடிக்கிறது என்பவர்கள் கருவாட்டைக் குறைத்துப் பாருங்கள். மூலத்துக்கு நல்லது என்று தேடி வந்து வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களிடம் நான் முட்டையை விற்கிறேன், மருத்துவரையும் பார்க்கச் சொல்கிறேன். கொழுப்பைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வாத்து முட்டையில் சுமார் 600 மில்லிகிராம் கொலஸ்டிரால் உண்டு. கோழி முட்டையில் 200க்கு உள்ளேதான்.

குஞ்சு பொரிக்க 28 நாள். மஸ்கோவிக்கு 35. முட்டைக்கென்றே வளர்த்த இனங்கள் அடை உட்காரும் குணத்தை இழந்துவிட்டன, முட்டையை இட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காது. ஊரில் செய்வது அடைக்கோழியின் அடியில் வைப்பதுதான். நாட்டுக்கோழியின் அடியில் எட்டு முட்டை அடங்கும். கோழிக்கு 21 நாளில் முடிய வேண்டிய வேலை இன்னும் ஒரு வாரம் இழுக்கிறதே என்று அது எழுந்து போய்விடாது. ஆனால் மெலியும், பக்கத்திலேயே தண்ணீரும் தானியமும் வையுங்கள். நனைந்த உடம்போடு வந்து உட்காரும் தாய் வாத்தின் ஈரம் கோழியிடம் கிடையாது. அதனால் இரண்டாம் வாரத்திலிருந்து தினம் ஒருமுறை முட்டைமேல் வெதுவெதுப்பான தண்ணீர் தெளிக்க வேண்டும். மணிலா வாத்து இருந்தால் இந்தப் பாடு இல்லை, யார் முட்டையையும் பொறுமையாக அடைகாக்கும்.

நோய் குறைவு என்றேன். இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. வாத்து பிளேக், வாத்துக் காலரா இரண்டும் வந்தால் கூட்டமே போகும். இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. காலராவுக்கு மூன்று நான்கு வார வயதிலும், பிளேக்குக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரத்திலும் போடுவது வழக்கம். ஒரு குப்பி நூறு வாத்துக்கு மேல் வரும், திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் வளர்ப்பவர்கள் சேர்ந்து கால்நடை மருந்தகத்தில் நாள் கேட்டுப் போடுவது நல்லது. பட்டி வாத்து இறங்கியிருக்கும் வயலுக்கு உங்கள் வாத்தை விடாதீர்கள், நோய் பெரும்பாலும் அங்கிருந்து தண்ணீர் வழியாகத்தான் வரும். பறவைக் காய்ச்சலும் அப்படியே. குட்டநாட்டில் 2014 நவம்பரிலும், மறுபடி 2021 தொடக்கத்திலும் அது வந்து பல்லாயிரக்கணக்கான வாத்துகளை அழிக்க வேண்டியிருந்தது. காட்டு நீர்ப்பறவைகள் கிருமியைக் கொண்டு வரும். வாத்து சில நேரம் நோய் காட்டாமலே அதைச் சுமக்கும். கொல்லையில் திடீரென்று இரண்டு மூன்று ஒன்றாகச் செத்தால் அறுத்துத் தின்னாமல், கையால் தொடாமல், கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நத்தையையும் புழுவையும் வாத்து ஒழிக்கும் என்பது உண்மை. ஜப்பானில் தகாவோ ஃபுருனோ என்ற விவசாயி 1988இலிருந்து நெல் வயலுக்குள்ளேயே வாத்துக் குஞ்சுகளை விட்டு, களையையும் பூச்சியையும் அவற்றின் பொறுப்பில் விட்டுவிட்டார். நட்ட பயிருக்கு வேர் பிடித்த பிறகு விட்டு, கதிர் வரும் முன் வெளியே எடுத்துவிடுவது அந்த முறையின் சூட்சுமம். நம் கீரைப் பாத்திக்கு அந்த இடைவெளி கிடையாது. முளைக்கீரையைத் தின்னும், தின்னாததை மிதிக்கும். கத்தரி, வெண்டை முழங்கால் உயரம் வந்த பிறகு மாலையில் ஒரு மணி நேரம் விடலாம். வாழைத் தோப்பில் எப்போதும் விடலாம்.

முட்டை முதல் இரண்டு ஆண்டுகள் நன்றாக வரும். பிறகு இறங்குமுகம். வாத்து எட்டு பத்து ஆண்டு வாழக்கூடியது. ஆகவே முட்டை நின்றதும் என்ன செய்வது என்பதை வாங்கும்போதே வீட்டில் பேசி முடிவெடுங்கள், பெயர் வைப்பதற்கு முன்னால். நாங்கள் அப்படிப் பேசவில்லை. நான்காவது வருடம் நடக்கிறது. நான்கு பெட்டைக்கும் சேர்த்து வாரத்துக்கு மூன்று முட்டை கிடைக்கிறது. ஒரே வாத்துதான் இடுகிறது என்று என் அம்மா சொல்கிறாள். எது என்று இரண்டு நாள் விடிகாலையில் உட்கார்ந்து பார்த்தோம், ஆள் இருந்தால் எதுவும் பெட்டிக்குள் போகவில்லை. கண்டுபிடிக்கும் வரை நான்கும் இருக்கும்.